பொருத்தம் பார்த்த பிறகே பணம்

கணினிக் கடையில் கொட்டேஷன் கேட்டால் ஒரு தாளில் ஏழெட்டு வரி எழுதித் தருவார்கள். பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கேபினட், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், கீபோர்டு-மவுஸ். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு விலை. நாம் விலையைக் கூட்டிப் பார்க்கிறோம். இரண்டு மூன்று கடைத் தாள்களை ஒப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறோம். மேசை, பெஞ்சு வாங்க இந்த முறை போதும். கணினிக்குப் போதாது. ஒவ்வொரு வரியிலும் உள்ள பொருள் தனித்தனியே நல்லதாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரு கணினி ஆகுமா என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை.

பிரம்மதேசம் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை ஒட்டிய ஊர்கள் எங்களுடையவை. படித்து முடித்த பிள்ளைகளில் பலர் சென்னையிலும் புதுச்சேரியிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வாங்க முடிவானது. தலைமை ஆசிரியருக்கென்று தனி அறை இல்லாத பள்ளி அது. நான்காம் வகுப்பின் ஓரத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். எனவே இடத்தை அடைக்காத ஒல்லியான கேபினட்டாகப் பார்த்தார்கள். பிராசசரில் விலை குறைந்த மாடல் ஒன்று கிடைத்தது. எல்லாவற்றையும் பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

காரணம் பில்லிலேயே இருந்தது. வாங்க நினைத்தது ஐ3-12100. வந்திருந்தது ஐ3-12100எஃப். மாடல் எண்ணின் முடிவில் எஃப் இருந்தால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அந்தப் பிராசசருக்குள் இயங்காது என்பது இன்டெல்லின் குறியீடு. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் திரையில் எதுவும் வரும். சீல் உடைத்த பிராசசரைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. சரி என்று கிராபிக்ஸ் கார்டு வாங்கினார்கள். அது அந்த ஒல்லிக் கேபினட்டின் அகலத்துக்குள் நிற்கவில்லை. கேபினட்டை மாற்றினார்கள். ஒல்லிக் கேபினட்டோடு வந்த நீள வடிவ எஸ்.எம்.பி.எஸ். புதிய கேபினட்டின் திருகுத் துளைகளில் உட்காரவில்லை. அதுவும் புதிதாக வந்தது. கணினி ஒருவழியாக ஓடியபோது பிரிண்டருக்கு வைத்திருந்த பணம் தீர்ந்துவிட்டது. பயிற்சித் தாள் எடுக்க அந்தப் பள்ளி ஆசிரியை இன்றும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறார், பெரும்பாலும் தன் கைக்காசில்.

ஒரே ஓர் எழுத்து. அதிலிருந்து தொடங்கிய செலவு அது.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் உள்ள ஒரு வழக்கம் இங்கே உதவும். சில பொருத்தங்கள் இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்பார்கள், ரஜ்ஜு இல்லையென்றால் மேலே பேசவே மாட்டார்கள். கணினியிலும் அப்படித்தான். மூன்று விதமான பொருத்தம் உண்டு. ஒன்று, இடத்தில் உட்காருகிறதா. இரண்டு, மின்சாரம் சரியாகப் போகிறதா. மூன்று, ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரிகிறதா. முதலாவது கண்ணுக்குத் தெரியும். பணத்தை விழுங்குவது பெரும்பாலும் மூன்றாவதுதான், ஏனென்றால் பொருள் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் வேலை செய்யாது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளும் அரசு வழங்கிய மடிக்கணினிகளும் இந்தக் கட்டுரையில் சேர்த்தி இல்லை. அவற்றுக்குப் பராமரிப்பு ஏற்பாடு தனியே உண்டு. ரேம் கூட்டுகிறேன், தூசி தட்டுகிறேன் என்று நாமாக அவற்றைத் திறக்கக் கூடாது. நன்கொடையாலோ சொந்தப் பணத்தாலோ பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் கணினி பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

எந்த வரியிலிருந்து தொடங்குவது?

வேலையிலிருந்து. எமிஸ் பதிவுகள், வினாத்தாள் தட்டச்சு, எண்ணும் எழுத்தும் காணொளிகளைத் திரையில் காட்டுவது, கொஞ்சம் படத்தொகுப்பு. ஒரு பள்ளிக்கு இவ்வளவுதான் தேவை. இதற்குப் படம் காட்டும் பகுதி உள்ளேயே அமைந்த நான்கு கோர் பிராசசர், 8 ஜி.பி. ரேம், 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். வீடியோ கேம் விளையாடுபவர்கள் பேசும் எதையும் நாம் காதில் வாங்க வேண்டியதில்லை.

பிராசசர் முடிவானால்தான் மதர்போர்டு. மதர்போர்டு முடிவானால்தான் ரேமும் எஸ்.எஸ்.டி.யும். இவற்றின் அளவும் சூடும் தெரிந்தால்தான் கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும். "முதலில் ஒரு அழகான கேபினட் எடுத்துக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு அறிவியலில் 'கணினியின் பாகங்கள்' பாடம் நடத்தும்போது உள்ளீடு, மையச் செயலகம், வெளியீடு என்ற வரிசையில் போகிறோம். வாங்கும்போது வேறு வரிசை. எது எதைத் தீர்மானிக்கிறதோ அதன்படி போக வேண்டும்.

ஒரே சாக்கெட், வேறு பேச்சு

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சதுரத்துக்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் சாக்கெட்டின் பெயரில் வரும் எண், அதிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. எல்.ஜி.ஏ. 1200 என்பது 10, 11ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு. எல்.ஜி.ஏ. 1700 என்பது 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு. அதற்குப் பின் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசசர்கள் 2017இல் ஏ.எம்.4 சாக்கெட்டில் வந்தன, 2022இல் ஏ.எம்.5 வந்தது. சாக்கெட் மாறினால் பிராசசர் உட்காராது. இது எளிது, கடைக்காரரும் இதில் தவறமாட்டார்.

சிக்கல், சாக்கெட் ஒன்றாக இருந்தும் ஓடாத இடத்தில்தான். எல்.ஜி.ஏ. 1151 இதற்கு நல்ல உதாரணம். இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைப் பிராசசர்களும் அந்தச் சாக்கெட்தான், 8, 9ஆம் தலைமுறைகளும் அதே சாக்கெட்தான். முனைகளின் எண்ணிக்கை 1151, அளவும் அதுவே. ஆனால் 100, 200 வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டு 6, 7ஐ மட்டுமே ஏற்கும். 300 வரிசை போர்டு 8, 9ஐ மட்டுமே ஏற்கும். மாற்றிப் போட்டால் உட்காரும், ஓடாது. பழைய கணினிகளை விற்கும் கடைகளில் இந்த நான்கு தலைமுறைகளும் கலந்து கிடக்கும். ஊர்க்காரர் ஒருவர் பழைய மதர்போர்டைப் பள்ளிக்குத் தந்து, "ஒரு பிராசசர் மட்டும் வாங்கிப் போட்டுக்கங்க சார்" என்றால், நன்றி சொல்லிவிட்டு போர்டின் மேல் அச்சாகியிருக்கும் மாடல் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயாஸ். இதை என் சக ஆசிரியர்களுக்கு வருகைப் பதிவேடு என்று விளக்குவேன். மதர்போர்டுக்குள் இருக்கும் சிறு நிரலில் எந்தெந்தப் பிராசசரை அடையாளம் தெரியும் என்ற பெயர்ப் பட்டியல் இருக்கிறது. போர்டு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய பிறகு வெளிவந்த பிராசசரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. உதாரணமாக, 12ஆம் தலைமுறை வந்த காலத்தில் தயாரான எச்610 மதர்போர்டு ஒன்று கடை அலமாரியில் தங்கிவிட்டது என்று வையுங்கள். அதில் 14ஆம் தலைமுறைப் பிராசசரைப் போட்டால் சாக்கெட் பொருந்தும், திரை வராமல் போகலாம். பதிவேட்டில் பெயரை ஏற்றுவதுதான் பயாஸ் அப்டேட். பையன் வகுப்புக்குள் வந்தால்தான் பெயர் ஏற்ற முடியும், பெயர் இருந்தால்தான் வகுப்புக்குள் வர முடியும் என்பது போன்ற ஒரு முட்டுச்சந்து இதில் உண்டு. அப்டேட் செய்யக் கணினி ஓட வேண்டும், ஓட அப்டேட் வேண்டும். கடையில் பழைய தலைமுறைப் பிராசசர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு இதைச் செய்வார்கள். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகச் செய்யும் வசதி இருக்கிறது. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அது இருக்காது.

இதற்கெல்லாம் சான்று கடைக்காரரின் வாய்ச்சொல் அல்ல. ஒவ்வொரு மதர்போர்டு நிறுவனமும் தன் தளத்தில், அந்த மாடல் ஏற்கும் பிராசசர்களின் பட்டியலை வைத்திருக்கும். 'சி.பி.யு. சப்போர்ட் லிஸ்ட்' என்று இருக்கும். அதில் பிராசசரின் முழுப் பெயரும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்பதும் இருக்கும். கொட்டேஷன் தாளில் உள்ள இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாக அதில் தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

எழுத்து எழுத்தாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்டெல்லில் எஃப் இருந்தால் படம் வராது என்று பார்த்தோம். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வரிசையில் இது தலைகீழ். அங்கே ஜி என்ற எழுத்து இருந்தால்தான் படம் வரும். ரைசன் 5 5600ஜி நமக்கு ஆகும். ரைசன் 5 5600 ஆகாது. ஒரு நிறுவனத்தில் எழுத்து இருக்கக் கூடாது, மற்றொன்றில் இருக்க வேண்டும்! ஏ.எம்.5இல் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் அடிப்படைப் படப்பகுதி உள்ளேயே வந்துவிட்டது. அங்கேயும் எஃப் போட்டவற்றில் கிடையாது.

ரேமின் வெட்டு

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. மேசைக் கணினிக்கான டி.டி.ஆர்.3இல் 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4இல் 288, 1.2 வோல்ட். டி.டி.ஆர்.5இலும் 288தான், 1.1 வோல்ட். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளி இருக்கும். தவறானதைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டு. எனவே ரேம் உள்ளே போகவில்லையென்றால் இன்னும் அழுத்த வேண்டாம், வெளியே எடுத்துப் பெயரைப் படியுங்கள்.

இங்கே ஏமாறுவது ஒரே பெயரில் இரண்டு போர்டு வருவதால். எச்610 சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் டி.டி.ஆர்.4க்கும் உண்டு, டி.டி.ஆர்.5க்கும் உண்டு. பெயரின் கடைசியில் 'டி4' என்று ஒரு சிறு ஒட்டு மட்டுமே வேறுபாடாக இருக்கும். ஏ.எம்.5இல் இந்தக் குழப்பம் இல்லை, டி.டி.ஆர்.5 மட்டுமே. மடிக்கணினி ரேம் குட்டையானது, வேறு செருகி. சாதாரண மதர்போர்டில் அது நுழையாது. கையளவு மினி கணினிகளில் சில அந்தக் குட்டை ரேமைத்தான் கேட்கும்.

படப்பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கும்போது அது தனக்கான நினைவிடத்தையும் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் 8 ஜி.பி. ஒன்றுக்குப் பதிலாக 4 ஜி.பி. இரண்டு போட்டால் காணொளி சற்று இதமாக ஓடும் என்பது சரிதான். நான் இருந்தாலும் ஒரு 8 ஜி.பி.யே வாங்குவேன். எச்610 போர்டில் இரண்டே செருகிகள். ஒன்று காலியாக இருந்தால், அடுத்த ஆண்டு இன்னொரு நன்கொடையாளர் வருவார்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

மதர்போர்டு அளவுகளுக்குப் பெயர் உண்டு. ஏ.டி.எக்ஸ். என்பது 30.5 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமும் கொண்டது, இன்டெல் 1995இல் வகுத்த அளவு. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். மினி ஐ.டி.எக்ஸ். 17 செ.மீ. சதுரம், தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. திருகுத் துளைகளைப் பொதுவாக வைத்திருப்பதால் சிறிய போர்டு பெரிய கேபினட்டில் உட்காரும். பெரியது சிறியதில் உட்காராது.

சிறிய கணினி மேல் நம் பள்ளிகளுக்கு ஆசை வருவதில் நியாயம் இருக்கிறது. இடம் குறைவு. தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டலாம். தரையில் வைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் யாரும் மின்பொருளைத் தரையில் வைக்கமாட்டார்கள்.

ஆனால் அளவு குறையக் குறையப் பொருத்தம் இறுகுகிறது. மூன்று மில்லிமீட்டரும் எட்டு மில்லிமீட்டரும் காசாகிவிடும். கையளவு கணினிகளில் அஸ்ராக் நிறுவனத்தின் டெஸ்க்மினி எக்ஸ்300 என்ற வகையை எடுத்துக்கொள்வோம். 155 மி.மீ. சதுரம், 80 மி.மீ. உயரம், தடித்த இரண்டு பாடநூல்களை அடுக்கியது போல இருக்கும். ஏ.எம்.4 பிராசசரை ஏற்கும், ரேம் மடிக்கணினி ரகம். அதற்குள் பிராசசர் மேல் வைக்கும் விசிறியின் உயரம் 46 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ரைசன் 5 5600ஜி பெட்டியில் இலவசமாக வரும் விசிறியின் உயரமோ 54 மி.மீ. சாக்கெட் சரி, ரேம் சரி, பயாஸ் சரி, கடைசியில் மூடி மூடாது. தனியாக ஒரு தட்டை விசிறி வாங்க வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர் கதை இது. எல்.ஜி.ஏ. 1151, 1200 சாக்கெட்டுகளைச் சுற்றி விசிறியைப் பொருத்தும் துளைகளின் இடைவெளி 75 மி.மீ. எல்.ஜி.ஏ. 1700இல் அது 78 மி.மீ. பழைய கணினியின் விசிறி நன்றாகத்தானே இருக்கிறது என்று புதியதில் வைத்தால் கால்கள் துளையில் இறங்காது. அழுத்தினால் போர்டு வளையும்.

என் கருத்தைக் கேட்டால், பள்ளிக்கு மினி ஐ.டி.எக்ஸ். வேண்டாம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டும் அதற்கான சிறு கேபினட்டும் போதும். காரணம் அழகோ வேகமோ அல்ல. மினி போர்டுகளுக்கு விலை அதிகம், வகைகள் குறைவு, பழுதானால் சென்னை ரிச்சி தெருவுக்கு அலைய வேண்டும். மைக்ரோ ரகம் திண்டிவனம், விழுப்புரம் கடைகளிலேயே கிடைக்கும். மூன்றாவது ஆண்டில் எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் அன்று மாலைக்குள் மாற்ற முடிய வேண்டும். சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். எந்த ஊரிலும் இருக்கும், எஸ்.எஃப்.எக்ஸ்., டி.எஃப்.எக்ஸ். என்ற சிறு வடிவங்களைக் கேட்டால் "ஆர்டர் போடணும் சார்" என்பார்கள். கூடவே வெயில். மே மாதத்தில் ஓட்டுக் கட்டட வகுப்பறையில், காற்றோட்டமில்லாத குட்டிப் பெட்டிக்குள் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மரக்காணம் உப்பளப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் தொடுமுனைகள் பச்சை பூக்கும். ரேமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துத் திரும்பப் போட்டுக் கணினியை உயிர்ப்பிக்கும் வித்தை நம்மில் பலருக்குத் தெரியும். அதைச் செய்யக் கை நுழையும் அளவாவது உள்ளே இடம் இருக்கட்டும்.

நுழையும், ஆனால் தெரியாது

எஸ்.எஸ்.டி.யில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை வடிவம் இப்போது பரவலாகிவிட்டது. 2280 என்றால் அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ. வடிவம் ஒன்று, ஆனால் உள்ளே பேசும் முறை இரண்டு: சாட்டா, என்.வி.எம்.இ. சில போர்டுகளின் எம்.2 செருகி என்.வி.எம்.இ.யை மட்டுமே அறியும். சாட்டா வகைப் பட்டை அதற்குள் தடையில்லாமல் நுழையும், திருகும் பூட்டலாம், கணினி மட்டும் "வட்டு ஏதும் இல்லை" என்று சொல்லும். கொட்டேஷனில் 'எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி.' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மானிட்டரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பள்ளியில் 15 ஊசிகள் கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. செருகி உள்ள பழைய மானிட்டர் நல்ல நிலையில் கிடந்தால், வி.ஜி.ஏ. வாயில் உள்ள மதர்போர்டாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மானிட்டர் செலவு மிச்சம். எச்610 போர்டுகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ.யும் வி.ஜி.ஏ.யும் இரண்டுமே உண்டு. மாற்றி வாங்கினால் அதன் திசையைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. இரண்டும் ஒருவழிப் பாதை.

இயங்குதளமும் ஒரு பொருத்தம்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெல்லில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம். 6ஆம் தலைமுறைக் கணினி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இந்தக் கதவு மூடிவிடும். லினக்ஸ் என்றால் கவலையில்லை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் அரசு மடிக்கணினிகளில் வந்தது. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் அமைப்பு பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கற்பித்துவருகிறது. உரிமம் இல்லாத விண்டோஸைக் கடைக்காரர் "ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்றால் வேண்டாம் என்பதே என் பதில். பிள்ளைகளின் விவரங்கள் ஏறப்போகும் கணினி அது.

மின்சாரம்

இந்தப் பகுதியில் கணக்கு எளிது. ஐ3-12100 பிராசசரின் அடிப்படை மின் அளவு 60 வாட், உச்சம் 89 வாட். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பள்ளிக் கணினி, மானிட்டரும் சேர்ந்து, அன்றாட வேலையில் 100 வாட்டைத் தாண்டுவது அரிது. கடைகளில் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றின் மேல் 360 வாட் என்று போட்டிருக்கும், அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வாட் எண்ணைவிட இணைப்புகளைக் கவனியுங்கள். மதர்போர்டுக்கு 24 ஊசி இணைப்பு ஒன்று, பிராசசருக்கென 4 அல்லது 8 ஊசி இணைப்பு ஒன்று. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 ஊசி இணைப்பும் பார்வைக்குப் பிராசசர் இணைப்பு போலவே இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஒரு நிறுவனத்தின் கேபிளை மற்றொன்றில் மாட்டவே கூடாது. செருகி பொருந்தும், வோல்டேஜ் இடம் மாறும், எஸ்.எஸ்.டி. எரிந்துபோகும். கணினியைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அது கணினியின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சுவிட்சைப் போட வேண்டாம்.

கடையிலும் வகுப்பிலும்

மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்குவது நல்லது. ரிச்சி தெருவில் கடைக்குக் கடை நூறு, இருநூறு குறையும். மூன்றை மூன்று கடையில் வாங்கி, திரை வரவில்லையென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பொருளைக் குறை சொல்வார்கள், நாம் நடுவில் நிற்போம். ஒரே கடையென்றால், "இங்கேயே ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க" என்று கேட்கலாம். திரையில் பயாஸ் பக்கம் வந்து, பிராசசர் பெயரும் ரேம் அளவும் எஸ்.எஸ்.டி.யும் அதில் தெரிந்தால், மேலே சொன்ன பொருத்தங்களில் பெரும்பாலானவை தேறிவிட்டன. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வையே ஒரு செயல்பாடாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சார்ட் தாளில் 17 செ.மீ. சதுரமும் 24.4 செ.மீ. சதுரமும் வெட்டி வைத்தேன். பழைய காலணிப் பெட்டிகள்தான் கேபினட். 54ஐயும் 46ஐயும் பலகையில் எழுதி, இது அதற்குள் போகுமா என்று கேட்டேன். பிறகு பிராசசர், போர்டு, ரேம் பெயர்களை அட்டைகளில் எழுதி, மாடல் எண்ணின் கடைசி எழுத்து உட்பட, குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து ஓடக்கூடிய ஒரு கணினியைச் சேர்க்கச் சொன்னேன். எஃப் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் கார்டைத் தேடிய குழுவில் பெரிய சண்டை. கணினியை எப்போதும் தொட்டிராத ஒரு மாணவிதான் அதைத் தீர்த்துவைத்தாள். எழுத்தைப் படிப்பதில் அவள் நிதானமானவள்.

இனி பதிவேடு. பாகம் பாகமாக வாங்கிய கணினியை இருப்புப் பதிவேட்டில் 'கணினி - 1' என்று ஒரே வரியில் எழுதி, அதன் கீழே ஒவ்வொரு பாகத்தின் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதிவைத்தால் தணிக்கையின்போது பேச்சு வராது. பின்னால் ரேம் மாற்றினால் எது போய் எது வந்தது என்பதும் தெரியும். மதர்போர்டின் அட்டைப்பெட்டியை எறிய வேண்டாம், முழு மாடல் பெயரும் வரிசை எண்ணும் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மதர்போர்டுக்கும் பிராசசருக்கும் பொதுவாக மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். கடை பில்லோ பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகி வருகிறது. எங்கள் ஊர் வெயிலில் அது ஓராண்டுகூடத் தாங்காமல் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள்.